எலும்புக்கான கண்ணாடிப் பீங்கான் உடம்புக்கு ஒத்துவருமா? முதல்முறை சோதிப்பவர்களுக்கான செய்முறை

சென்னையில் எம்.டெக்., பிஎச்.டி. என்று பயோமெட்டீரியல் (உடம்புக்குள் வைக்கும் பொருள்கள்) பக்கம் புதிதாக வந்திருக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1969-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் உருவாக்கிய 45எஸ்5 கண்ணாடிதான் எலும்போடு ஒட்டும் கண்ணாடிக் குடும்பத்தில் மூத்தது. எடையில் 45% சிலிக்கா, 24.5% சோடியம் ஆக்சைடு, 24.5% கால்சியம் ஆக்சைடு, 6% பாஸ்பரஸ் பென்டாக்சைடு. இதைச் சூடேற்றிப் படிகமாக்கினால் கண்ணாடிப் பீங்கான்.

படி 1: வில்லை தயாரிப்பு

10 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமனில் வில்லைகள் போதும். அசிட்டோனில் அல்ட்ராசானிக் செய்து உலர்த்துங்கள். கிருமிநீக்கத்துக்கு ஆட்டோகிளேவ் வேண்டாம், நீராவி பட்டதுமே மேற்பரப்பு வினைபுரிய ஆரம்பித்துவிடும். உலர்வெப்பம் 160 டிகிரியில் 2 மணி நேரம் நல்லது. நம்மூர் ஈரக்காற்றுக்குப் பொடியோ வில்லையோ வெளியே கிடக்கக் கூடாது; சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரிலேயே இருக்கட்டும்.

படி 2: எஸ்பிஎஃப்

எஸ்பிஎஃப் என்பது ஜப்பானியர் கொகுபோ வகுத்த செயற்கை உடல்திரவம். வில்லையை இதில் ஊறவைத்து, மேலே அபடைட் (எலும்பில் உள்ளதைப் போன்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம்) படிகிறதா என்று பார்ப்போம். ரத்த பிளாஸ்மாவை ஒத்த அயனிகள் இதில் இருக்கும்: சோடியம் 142, கால்சியம் 2.5, பாஸ்பேட் 1 மில்லிமோலார். 36.5 டிகிரியில் பிஎச் 7.40 இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பீக்கரில்தான் கலக்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரத்தின் கீறல்களில் அபடைட் படிந்துவிடும். உப்புகளை முறைப்படி ஒவ்வொன்றாக, முந்தையது முழுசாகக் கரைந்த பிறகே போடுங்கள். கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் ஈரத்தை இழுப்பவை. அக்டோபர், நவம்பர் மழையில் தராசில் வைத்தபடியே எடை ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். மூடியைத் திறந்தவுடன் எடுத்து, எடைபோட்டு, மூடிவிடுங்கள்.

எவ்வளவு திரவம்? மேற்பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் கணக்கிட்டு 10-ஆல் வகுத்தால் மில்லிலிட்டர் கிடைக்கும். நம் வில்லைக்கு 220 ச.மி.மீ., ஆக 22 மி.லி. சில நாள் ஊறியபின் எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிரால் படிகத்தை அடையாளம் காணும் சோதனை) 26, 32 டிகிரி அருகே அபடைட்டின் முகடுகளைத் தேடுங்கள். அபடைட் வந்தால் எலும்போடு ஒட்டும் வாய்ப்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம், செல்லுக்கு நல்லது என்று அர்த்தமில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 3: எக்ஸ்ட்ராக்ட், பிஎச்

எக்ஸ்ட்ராக்ட் என்பது வில்லை ஊறிய மீடியம் (செல் வளர்க்கும் திரவம்); படி 4-ல் செல்களுக்குக் கொடுப்பது இதைத்தான். இந்தப் படியில் அவசரம் கூடவே கூடாது. 1 மி.லி. மீடியத்துக்கு 3 ச.செ.மீ. மேற்பரப்பு என்ற கணக்கில் வில்லையை 37 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவையுங்கள். கண்ணாடியிலிருந்து சோடியம் வெளியேறும், மீடியத்திலிருந்து ஹைட்ரஜன் அயனி உள்ளே போகும், பிஎச் ஏறும். சிவப்பாக இருந்த மீடியம் அடர் ரோஜா நிறமாகிவிடும். அந்த நிறத்தைக் கண்டால் நின்று யோசியுங்கள். அதில் செல்களை விட்டால் அவை காரத்தால் சாகும். நீங்களோ பொருளே நச்சு என்று எழுதிவிடுவீர்கள். உடம்பில் திரவம் ஓடிக்கொண்டே இருக்கும், மூடிய பிளேட்டில் அப்படி இல்லை.

அமிலம் விட்டுச் சரிக்கட்டுவதை நான் ஏற்பதில்லை. கரைசலின் இயல்பே மாறிவிடும். மாறாக, வில்லையைச் செல் இல்லாத மீடியத்தில் முன்கூட்டி ஊறவைத்து, பிஎச் 7.4-க்குப் பக்கத்தில் நிற்கும்வரை மீடியத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். வெறும் காற்றில் மீடியம் தானாகவே காரமாகும் என்பதால், 5% கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் வைத்த பிறகே அளவிடுங்கள். ஊறவைத்தது, ஊறவைக்காதது இரண்டின் முடிவையும் அறிக்கையில் கொடுப்பதுதான் நேர்மை.

படி 4: எம்டிடி

புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து எல்929 என்ற சுண்டெலி நார்த்திசு செல்களைப் பெறலாம். 96 வெல் (சிறு குழி) உள்ள பிளேட்டில் ஒரு வெல்லுக்கு 10,000 செல்கள் விதைத்து, 24 மணி நேரம் ஒட்டவிட்டு, 100%, 50%, 25%, 12.5% எக்ஸ்ட்ராக்ட்டை 24 மணி நேரம் கொடுங்கள். பிறகு எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்த்து 2 மணி நேரம். உயிருள்ள செல்களில் ஊதா நிறப் படிகம் தெரியும். அதை ஐசோபுரோப்பனாலில் கரைத்து 570 நானோமீட்டரில் அளவிடுங்கள்.

செல் மட்டும் உள்ள வெல், செல்லே இல்லாத வெல், செல்லைக் கொல்லும் பொருள் உள்ள வெல் மூன்றும் அதே பிளேட்டில் இருந்தாக வேண்டும். செல் நச்சுச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 10993-5 தரநிலைப்படி, செல் மட்டும் உள்ள வெல்லோடு ஒப்பிட்டு உயிர்ப்பு 70%-க்குக் கீழே போனால் நச்சுத்தன்மைக்கு வாய்ப்புண்டு. 100% எக்ஸ்ட்ராக்ட்டைவிட 50%-ல் அதிகம் செத்திருந்தால் எங்கோ தவறு, மறுபடி செய்யுங்கள்.

படி 5: ரத்தம்

பொருளோடு சேர்த்த ரத்தத்தில் சிவப்பணு சிதைவு 2%-க்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு, 5%-ஐத் தாண்டினால் ஆபத்து. ரத்தம் எடுப்பதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் கையில் வாங்கிவிடுங்கள். விண்ணப்பித்தால் கூட்டம் கூடும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், படி 2 தொடங்கும்போதே மனுவைக் கொடுத்துவிடலாம்.