தையல் நாடாவை இரண்டாக மடித்தால் குறும்பாதை அளவு

60 அங்குலத் தையல் நாடாவைச் சரிபாதியாக மடியுங்கள். மடித்த நீளத்துக்கு, ரயில் பாதையின் இரு தண்டவாளத் தலைகளின் (சக்கரம் உருளும் மேற்பகுதிகளின்) உள்விளிம்புகள் பொருந்தினால் அது இலங்கையின் குறும்பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி குறைந்த பாதை. முழு நாடாவுக்கு மேல் இன்னும் 6 அங்குலம் தேவைப்பட்டால் அகலப்பாதை.

காரணம் எளிது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 1903–04இல் திறந்த பாதையும், பழைய களனிவெளிப் பாதையும் 2 அடி 6 அங்குலம், அதாவது 30 அங்குலம் (762 மி.மீ.). பதுளைக்குப் போகும் பிரதான பாதை 5 அடி 6 அங்குலம். பலர் தண்டவாளத்தின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து இரண்டு அங்குலம் கூட்டிவிடுகிறார்கள். உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்குத்தான் அளக்க வேண்டும்.

கழற்றி வைத்த சக்கரச் சோடிக்கு இது அப்படியே பொருந்தாது. சக்கரத்தின் உள்பக்க விளிம்பு தண்டவாளத்துக்கு உள்ளே ஓடுவதால், இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையிலான தூரம் 30 அங்குலத்துக்குக் குறைவாகவே வரும். வளைவில் பாதையைச் சற்று அகட்டிப் போடுவார்கள், நேரான இடத்தில் அளவெடுங்கள். நாடாவையும் பார்த்து வாங்குங்கள்: சிலது 150 சென்ரிமீற்றரோடு முடியும், அதில் 60 அங்குலம் முழுதாக இருக்காது. பழைய துணி நாடா இழுபட்டிருக்கும்.

இராகலைப் பாதையில் தண்டவாளம் இப்போது இல்லை. அங்கே அளக்க ஒன்றுமில்லை. ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் குறும்பாதை வண்டிக்குக் கீழே உள்ள தண்டவாளத்தை அளக்கலாம். ரயில் ஓடும் பாதையில் இறங்கி அளக்கவே வேண்டாம்.