கையைக் கடிக்காத பழைய பிரிட்டிஷ் கார்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

இங்கிலாந்தில் இருந்துகொண்டு, பழைய பிரிட்டிஷ் கார் ஒன்றை வாங்கி வார இறுதிகளில் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வைத்திருப்பது டிரையம்ப் ஹெரால்டு 13/60. பெரும்பாலான வேலைகளை வீட்டு வாசலில் வைத்து நானே செய்துகொள்கிறேன். உங்களுக்குக் கார் ஓட்டவும் ஜாக்கி வைத்துச் சக்கரம் கழற்றவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எந்த வண்டியானாலும் இரும்பைப் பார்த்து வாங்குங்கள். இந்தக் கார்களின் எஞ்சின், பிரேக், கிளட்ச் எல்லாவற்றுக்கும் பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன, விலையும் கட்டுப்படியாகும். பணத்தை விழுங்குவது வெல்டிங். அடிப்பாகம் உறுதியாக இருந்து எஞ்சின் சுமாராக இருக்கும் வண்டியைத் தயங்காமல் வாங்கலாம். எஞ்சின் அருமையாக ஓடி, அடிப்பாகம் உளுத்திருந்தால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

படி 1: எந்த மாடல்?

முதல் காருக்கு நான் மூன்றையே சொல்வேன்: மாரிஸ் மைனர், டிரையம்ப் ஹெரால்டு, எம்.ஜி.பி. ஜி.டி.

மாரிஸ் மைனர் 1948இல் வந்தது. பின்னாளில் மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வடிவமைத்தார். 1971 வரை 16 லட்சத்துக்கும் மேல் தயாரானதால் பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. சில பாகங்கள் இலங்கையில் தயாராகி பிரிட்டனுக்கு வந்ததும் உண்டு. 1962க்குப் பிறகு வந்த 1098 சி.சி. எஞ்சின் உள்ளதைப் பாருங்கள். இன்றைய சாலை வேகத்துக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். பின்பக்கம் மரச்சட்டம் வைத்த டிராவலர் வகை பார்க்க அழகுதான், ஆனால் அந்தச் சட்டம் அலங்காரத்துக்கு வைத்தது கிடையாது, பின்பாகத்தைத் தாங்குவதே அதுதான். மரத்தின் மூட்டுகளில் கறுத்த திட்டுகள் தெரிந்தால் ஈரம் இறங்கியிருக்கிறது என்று பொருள். முதல் காராக, மரச்சட்டம் இல்லாத சாதாரண சலூன் வகையே போதும்.

ஹெரால்டு (1959–1971) எனக்குப் பிடித்தது என்பதை மறைக்கவில்லை. மற்றவர்கள் பாடியையும் சட்டத்தையும் ஒன்றாகச் செய்ய ஆரம்பித்துவிட்ட காலத்தில், இதைத் தனிச் சேஸிஸ் மேல் பாடியை போல்ட் போட்டு மாட்டிக் கட்டினார்கள். புதியவர்களுக்கு அது பெரிய வசதி, ஏனென்றால் பாடித் துண்டுகளைத் தனித்தனியாகக் கழற்றலாம். பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்த ஹெரால்டும் இதே வண்டிதான். நான்கு கதவு ஹெரால்டு அங்கே மட்டுமே வந்தது, அதை இங்கே தேடாதீர்கள்.

எம்.ஜி.பி. (1962–1980) மூன்றில் வேகமானது, 1798 சி.சி. நெடுஞ்சாலையில் அடிக்கடி போவீர்கள் என்றால் இதுதான் சரி. ஓவர்டிரைவ் (கூடுதல் உயர் கியர்) உள்ள வண்டியாகப் பாருங்கள். 60, 70 மைல் வேகத்தில் எஞ்சின் கத்தல் குறையும், பெட்ரோலும் மிச்சமாகும். 1974இன் கடைசியிலிருந்து வந்த கறுப்பு ரப்பர் பம்பர் வண்டிகளைப் பலர் ஒதுக்குகிறார்கள், அதனால் விலை குறைவு. திறந்த கூரை வண்டியைவிட கூரையுள்ள ஜி.டி. மலிவு. எனவே ரப்பர் பம்பர் ஜி.டி.யே குறைந்த பட்ஜெட்டுக்கு நல்ல தேர்வு.

மினி எங்கே என்று கேட்பீர்கள். நல்ல பழைய மினியின் விலை இப்போது ‘குறைந்த செலவு’ என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. ஜாகுவார் எக்ஸ்.ஜே.6 வாங்கும்போது மலிவாகத் தெரியும், ஓட்டும்போது கையைக் கடிக்கும். ரோவர் பி6 நல்ல கார், ஆனால் அதன் பின்பக்க பிரேக் சக்கரத்தில் இல்லாமல், பின் அச்சின் நடுவே உள்ள டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கிறது. பிரேக் பேட் மாற்றவே காரின் அடியில் படுத்துத் தவிக்க வேண்டும். இரண்டாவது காருக்கு யோசிக்கலாம். யாழ்ப்பாண நண்பர்கள் ஆஸ்டின் ஏ40 பற்றிக் கேட்கிறார்கள். போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் கூட ஓடிய அந்த வண்டி மேல் உள்ள பிரியம் எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே மைனருக்குக் கிடைப்பதுபோல ஏ40 பாகங்கள் கிடைப்பதில்லை.

படி 2: காகிதங்கள்

வி5சி லாக்புக்கில் (வண்டியின் பதிவுச் சான்று) உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டுச் சோதனையின் பழைய முடிவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ‘துரு’ என்ற எச்சரிக்கை ஆண்டுக்காண்டு திரும்பத் திரும்ப வந்து, பிறகு திடீரென்று மறைந்திருந்தால், அந்த இடத்தில் செய்த வெல்டிங்குக்கு பில்லும் போட்டோவும் கேளுங்கள்.

40 வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி கிடையாது, ஆனால் ‘ஹிஸ்டாரிக்’ வகைக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அந்த வயதைத் தாண்டி, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டிக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்.ஓ.டி.யும் கட்டாயமில்லை. நான் ஆண்டுதோறும் விடாமல் எடுக்கிறேன், உங்களையும் அப்படியே செய்யச் சொல்வேன். நம் கண்ணுக்குத் தப்புவது லிஃப்டில் ஏற்றிப் பார்க்கும் ஆளின் கண்ணுக்குத் தப்பாது.

இன்சூரன்ஸை கிளாசிக் கார்களுக்கான தனி நிறுவனங்களில் கேளுங்கள். ஆண்டுக்கு இத்தனை மைல் என்று வரம்பு வைத்தால் தொகை வெகுவாகக் குறையும். வண்டியின் மதிப்பை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளும் பாலிசியாக எடுங்கள்.

படி 3: துரு பார்ப்பது

கொண்டுபோக வேண்டியவை: நல்ல டார்ச், பழைய பாய் அல்லது விரிப்பு, சின்னக் காந்தம். ஃபிரிட்ஜில் ஒட்டும் மெல்லிய ரப்பர் காந்தமே சிறந்தது. பலமான காந்தம் பட்டி போட்ட இடத்திலும் அடியில் உள்ள இரும்பைப் பிடித்து ஏமாற்றிவிடும். மெல்லிய காந்தம் பட்டி மேல் நிற்காமல் விழுந்துவிடும். பெயின்டில் கீறல் படாமல் இருக்க ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். மழை நாளில் போகாதீர்கள். நனைந்த பெயின்ட் எல்லாமே பளபளக்கும்.

எம்.ஜி.பி.யில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ எனப்படும் பகுதிதான் உயிர்நாடி. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அடுக்கடுக்காக இருக்கும். உள்ளே உளுத்துப்போன பிறகும் மேலே ஒரு தகட்டை ஒட்டிப் பெயின்ட் அடித்தால் வெளியே தெரியாது. கதவை மூடி அதன் இடைவெளியைப் பாருங்கள். உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, வண்டியின் ஒரு பக்கத்தை ஜாக்கியில் கொஞ்சம் தூக்கி, மறுபடி கதவைத் திறந்து மூடுங்கள். முன்பு சுலபமாக மூடிய கதவு இப்போது உரசினாலோ, மேல் இடைவெளி குறுகினாலோ, சட்டம் வளைகிறது என்று தெரிந்துகொள்ளலாம். விலை பேச வேண்டாம், கிளம்புங்கள்.

மைனரில் முன் சீட்டுக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளையும், பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்களையும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று ஒலிக்கும், உளுத்தது மந்தமாகச் சத்தம் போடும். ஹெரால்டில் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளின் நுனிகளைப் பாருங்கள். டார்ச் வெளிச்சத்தில் தடியான கறுப்புப் பூச்சு மட்டுமே தெரிந்தால், அது புதுசாக அடித்ததா என்று கேளுங்கள்.

படி 4: டிரனியன் (ஹெரால்டு அல்லது டிரையம்பின் இன்னொரு காரான ஸ்பிட்ஃபயர் வாங்குபவர்கள் கட்டாயம் படிக்கவும்)

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளத்தான். கேட்ட ஆளெல்லாம் வேறு வேறு பதில் சொன்னார்கள். அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, டிரனியன் என்ற பித்தளை நிற வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கும். நீங்கள் ஸ்டீரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தண்டு அந்த மரைக்குள் சுழல்கிறது. காரின் முன்பக்க எடை அந்த மூட்டு வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது.

அதற்குள் போட வேண்டியது கெட்டியான கியர் எண்ணெய். ஈ.பி.90 எண்ணெய் போதும். கிரீஸ் போடக் கூடாது. கிரீஸ் மரையின் இடுக்குகளில் இறங்காமல் ஒரு பக்கமாக இறுகி நின்றுவிடும், அதைச் சுற்றித் தண்ணீர் புகும். குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்பு போடுவார்கள் என்பதால் அந்தத் தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான். மரைக்குள்ளேயே எஃகு துருப்பிடித்து, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். பார்க்கிங்கில் ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பும்போதுதான் பெரும்பாலும் முறியும், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், எண்ணெயை ஏற்றுவதும் கிரீஸ் கன்னால்தான். அதைப் பார்த்துவிட்டு, கிரீஸ் கன் என்றால் கிரீஸ்தானே என்று பலரும் கிரீஸையே அடித்துவிடுகிறார்கள். செய்முறை இதுதான்: டிரனியனில் உள்ள சின்ன அடைப்பு போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தில் நிப்பிள் (கன்னின் முனை பொருந்தும் சின்னக் குழாய்) ஒன்றை மாட்டுங்கள். எண்ணெய் மட்டுமே நிரப்பிய கன்னை வைத்து, மேலே மரையின் விளிம்பில் புது எண்ணெய் கசியும் வரை அழுத்துங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்த பிறகு செய்தால் எண்ணெய் நன்றாக இறங்கும். இதற்கென்று ஒரு கன்னைத் தனியாக வைத்து, மேலே ‘எண்ணெய்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். கன்னிலிருந்து எண்ணெய் ஒழுகத்தான் செய்யும், அடியில் அட்டை விரித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும். நான் குளிர்காலத்துக்கு முன்பும் பின்பும் செய்கிறேன்.

வாங்கப் போகும்போது விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “டிரனியனுக்கு என்ன போடுறீங்க?” ‘எண்ணெய்’ என்று உடனே பதில் வந்தால் அவர் வண்டியைப் பற்றித் தெரிந்தவர். ‘கிரீஸ்’ என்று வந்தால், இரண்டு பக்கமும் தண்டையும் டிரனியனையும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

மைனரில் இதற்கு நேர்மாறு. அதன் முன்பக்க மூட்டுகளுக்கு கிரீஸ்தான், 1000 மைலுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: எஞ்சினும் ஓட்டமும்

நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். டிரையம்ப் எஞ்சினில் ஒரு சோதனை முக்கியம்: எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் கிளட்சை மிதித்து விட, நீங்கள் முன்பக்க பெல்ட் புல்லியைக் கூர்ந்து பாருங்கள். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் உள்ளே திரஸ்ட் வாஷர் (எஞ்சின் தண்டு முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் வளையம்) தேய்ந்துவிட்டது. வாஷர் மலிவு, எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியைக் (சம்ப்) கழற்றியே மாற்றலாம். ஆனால் அது கழன்று விழுந்தபின் ஓட்டினால் எஞ்சின் பிளாக்கே வீணாகும்.

மற்றபடி நீலப் புகை, இரண்டாம் கியரில் சத்தம், பிரேக் ஒரு பக்கம் இழுப்பது எல்லாம் சரிசெய்யக் கூடியவை. குறித்துவைத்து விலையில் பேசுங்கள்.

படி 6: வாங்கியபின்

எஞ்சின் ஆயில் 20டபிள்யூ50, பழைய எஞ்சின்களுக்கென்றே விற்பது. இந்தக் காலத்து மெல்லிய ஆயிலை ஊற்றாதீர்கள். ஸ்பேனர் செட் மில்லிமீட்டரில் வாங்கினால் பயன்படாது, அங்குல அளவில் ஏ.எஃப். என்று கேட்டு வாங்குங்கள். மலிவான பெரிய பெட்டியைவிட, தரமான ஏழெட்டு ஸ்பேனர்கள் மேல். பெரிய பிரிட்டிஷ் பாகக் கடைகளான ரிம்மர், மாஸ் இரண்டின் பட்டியலையும் படங்களுக்காகவே வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டு எங்கே போகிறது என்று அவற்றில் வரைந்திருப்பார்கள். அந்தந்த மாடலின் கிளப்பில் சேருவது இன்சூரன்ஸ் தள்ளுபடிக்கும் உதவும், அனுபவசாலிகளின் துணைக்கும் உதவும்.

படித்தவர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

பெட்ரோல்: 2021 செப்டம்பரிலிருந்து பெட்ரோல் பங்க்குகளில் சாதாரண பெட்ரோல் என்பது ஈ10. அதில் உள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். சூப்பர் பெட்ரோல் (ஈ5) போடுங்கள், எரிபொருள் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றிவிடுங்கள். பெட்ரோல் ஒழுகினால் தீப்பிடிக்கும், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. அந்த ஈயம்தான் எஞ்சினின் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது, அதனால் வால்வு சீட் கடினமானதாக மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றாலும் நிதானமாக ஓட்டுபவர்கள் ஈயத்துக்குப் பதிலான திரவத்தைப் பெட்ரோலில் கலந்துகொண்டு சமாளிக்கலாம்.

லண்டன்: 40 வயது தாண்டி ஹிஸ்டாரிக் வகையில் இருந்தால் யூலெஸ் (புகை மாசுக்கான) கட்டணம் கிடையாது. நகர மையத்துக்கான கன்ஜெஷன் (நெரிசல்) கட்டணம் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பேட்டரி: 1960களின் பல வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். போன் சார்ஜர், ரேடியோ மாட்டுவதற்கு முன்பும், ஜம்ப் லீட் போடுவதற்கு முன்பும், எந்த முனையிலிருந்து வயர் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். சிலர் நெகட்டிவுக்கு மாற்றியிருப்பார்கள், அதனால் ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.