வீட்டு முற்றத்தில் லாரி எஞ்சின் மாற்றுதல்: கடலோரத்தில் மெதுவாகச் செய்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

பட்டறையில் ஓரிரு நாளில் முடியக்கூடிய எஞ்சின் மாற்றும் வேலை, வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்யும்போது மாதக்கணக்கில் நீளும். இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் மீன் ஏற்றி ஓடிய எங்கள் வீட்டு டாடா 407 வண்டிக்கு நானும் அப்பாவும் தம்பியும், விசைப்படகு எஞ்சின்களில் வேலை பார்க்கும் சித்தப்பாவின் மேற்பார்வையில், அப்படித்தான் எஞ்சின் மாற்றிக்கொண்டிருக்கிறோம். வேலை மெதுவாக நடப்பதில் தவறில்லை. ஆனால் இந்தக் கடற்கரையில், கழற்றித் திறந்து போட்ட இரும்பு அடுத்த ஞாயிறு வரை அப்படியே இருக்காது. ஆகவே மாலைக்குள் மூடி, எண்ணெய் பூசிப் பாதுகாக்க முடிந்த அளவுக்கு மட்டுமே காலையில் திறப்பது என்பதை இந்த வேலையின் முதல் விதியாகக் கொள்ள வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும். எனவே மழை பெய்யாத நாளிலும், உப்புத் தூசி படிந்த இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருந்துகொண்டே இருக்கும். மீன் வண்டி என்றால், பெட்டிகளிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் சேஸில் ஊறியிருக்கும்.

முதல் வேலை: ஆவணங்களும் எஞ்சின் தேர்வும்

ஸ்பேனரைத் தொடும் முன் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் சேஸ் எண்ணுடன் எஞ்சின் எண்ணும் பதிவாகியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, எஞ்சினை மாற்றியவர் 14 நாட்களுக்குள் அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். நமது டி.என். 65 வண்டிகளுக்கு அது இராமநாதபுரம் அலுவலகம். வண்டியின் மேல் கடன் நிலுவையில் இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் தேவை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது பின்னால் அலைச்சலைக் குறைக்கும்.

முதல்முறை செய்பவர்கள் அதே நிறுவனத்தின் அதே வகை எஞ்சினையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் வண்டியில் இருப்பது 497 வரிசையைச் சேர்ந்த, மெக்கானிக்கல் டீசல் பம்பு உள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். அதன் இடத்தில் கணினிக் கட்டுப்பாடுள்ள புதிய தலைமுறை எஞ்சினை வைக்க நினைத்தால், வயரிங், சென்சார், டீசல் லைன், டேங்க் என்று ஒவ்வொன்றையும் மாற்ற நேரும். அது முற்றத்தில் முடிகிற வேலையன்று.

காயலான் கடையில் எஞ்சின் பார்க்கும்போது எண் பொறித்த இடத்தில் அரம் தேய்த்த அடையாளம் இருக்கிறதா என்பதையே முதலில் கவனியுங்கள்; இருந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். பிறகு கிராங்க் கப்பியின் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால் கலந்த காபி நிறத்தில் பசை படிந்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்புண்டு. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) அளக்க முடிந்தால், அளவு எவ்வளவு என்பதோடு நான்கு சிலிண்டர்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். மூன்று ஒத்திருக்க ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த எஞ்சின் வேண்டாம். முறையான பில் இல்லாமல் வாங்கக் கூடாது, ஏனெனில் போக்குவரத்து அலுவலகத்தில் அதைக் கேட்பார்கள்.

காலமும் இடமும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் லோடு குறையும் அந்த நாட்களில் வண்டியை நிறுத்துவது வீட்டு வருமானத்தைப் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் கரையேற்றிய படகுகளின் பழுது வேலைகளும் அப்போதுதான் நடக்கும் என்பதால், லேத் பட்டறைகளில் இடம் கிடைப்பது அரிது. ஃபிளைவீல் முகம் சீவுவது, உடைந்த ஸ்டட் எடுப்பது போன்ற லேத் வேலை இருக்கும் என்று தெரிந்தால் தடைக்காலத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொடங்கவே வேண்டாம்.

தரை கெட்டியாக இருக்க வேண்டும். நமது ஊர் மணலில் ஜாக்கி ஒரு பக்கமாகப் புதைந்து சரியும். ஆகவே சிமெண்ட் தளம் இல்லாதவர்கள் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் எஞ்சினைத் தூக்க நிறுத்தும் முக்காலியின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் கனமான பலகையும் அதன் மேல் இரும்புத் தகடும் வைக்க வேண்டும். முக்காலியின் கால்கள் விலகாதபடி மூன்றையும் சங்கிலியால் பிணைப்பது அவசியம். முக்காலியில் மாட்டி எஞ்சினைத் தூக்கும் 2 டன் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) வாடகைக்குக் கிடைக்கும், அதுவே போதும். படகுக் கயிறு வீட்டில் கிடக்கிறதே என்று அதில் எஞ்சினைத் தூக்காதீர்கள். நைலான் கயிறு பாரத்தில் நீளும், முடிச்சில் வழுக்கும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது.

கழற்றுதல்

பாட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள். ரேடியேட்டர் தண்ணீரையும் எஞ்சின் எண்ணெயையும் தனித்தனிக் கேன்களில் பிடித்து மூடி வையுங்கள். பழைய எண்ணெயை மணலில் கொட்டுவது இங்கே பெருந்தீங்கு: நமது கிணறுகளில் ஊறுவது உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர் அடுக்குதான், மணல் எதையும் தடுத்து நிறுத்தாது.

ஒவ்வொரு வயருக்கும் ஓஸுக்கும் அடையாளம் கட்டிய பிறகே அதைக் கழற்ற வேண்டும். ஒட்டு நாடா இந்தக் காற்றில் பிசுபிசுத்து உரிந்துவிடும் என்பதால், தம்பி பழைய எண்ணெய் டப்பாவின் பிளாஸ்டிக்கைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஆணியால் எண்ணைக் கீறி, மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பால் கட்டினான். ஒரே எண் வயரின் முனையிலும், அது சேரும் இடத்திலும், நோட்டுப் புத்தகத்திலும் இருக்க வேண்டும். கழற்றிய போல்ட்டுகளைப் பெட்டியில் கலந்து போடாமல், அவை வந்த துளையிலேயே இரண்டு புரி திருகி வைப்பது இன்னும் நல்லது. மாதங்கள் கழித்துப் பூட்டும்போது நினைவை நம்ப முடியாது.

அதிக நேரம் தின்பது துருப்பிடித்த போல்ட்டுகளே. எங்கள் வண்டியில் முன் மவுண்டிங் போல்ட்டுகள் எளிதாக வந்துவிட்டன. ஐஸ் தண்ணீர் வடிந்த பின்பக்கத்தில் போல்ட் தலைகள் உதிர் உதிராகப் பிளந்து, 19 ஸ்பேனர் லொடலொடத்து 18-ம் நுழையாத நிலையில் இருந்தன. இப்படிப்பட்ட போல்ட்டை ஸ்பேனரில் குழாய் செருகி மிதித்தால் தலை அறுந்து கையில் வரும். முதலில் கம்பி பிரஷ்ஷால் புரியின் வெளியே தெரியும் பகுதியை வெள்ளை இரும்பு தெரியும் வரை தேயுங்கள். துரு இளக்கும் எண்ணெயை விட்டு, ஒரு வாரம் முழுவதும் காலையும் மாலையும் சில சொட்டுகள் விட்டுக்கொண்டே இருங்கள். மெதுவாக வேலை செய்பவருக்குக் கிடைக்கும் உண்மையான அனுகூலம் இதுதான். பிறகு போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராகச் சில தட்டுத் தட்டி, அவிழ்க்கும் முன் ஒரு நூலளவு இறுக்கிப் பாருங்கள். டிக் என்ற சிறு ஓசையுடன் அசைந்தால் துருவின் பிடி விட்டுவிட்டது. அதன்பின் கால் சுற்று அவிழ்த்து, பாதி திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி அவிழ்த்து என முன்னும் பின்னுமாக நகர்த்த வேண்டும். எதற்கும் அசையாத போல்ட்டைக் கேஸ் டார்ச்சால் சூடாக்கலாம். டீசல் லைனும் ரப்பரும் அருகில் உள்ள இடத்தில் அதைச் செய்யவே கூடாது.

முகப்புக் கிரில்லும் ரேடியேட்டரும் வெளியே வந்தபின், கியர் பாக்ஸுக்கு அடியில் கட்டை வைத்துத் தாங்கிக் கொடுத்து, எஞ்சினின் பாரத்தைச் சங்கிலி சற்றே ஏற்கும் வரை இழுத்துவிட்டு, அதன் பிறகுதான் மவுண்டிங் போல்ட்டுகளையும் கியர் பாக்ஸுடன் இணையும் போல்ட்டுகளையும் எடுக்க வேண்டும். எஞ்சினை நேராக முன்பக்கம் இழுங்கள். கியர் பாக்ஸின் முன் ஷாஃப்ட் கிளட்சிலிருந்து முழுவதும் விடுபடும் முன் எந்தப் பக்கமும் தொங்கவிடக் கூடாது. அந்த ஷாஃப்ட் பாரம் தாங்குவதற்கானதன்று. அப்போது ஒருவர் குரல் மட்டுமே கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் அது சித்தப்பாவின் குரல். அப்பாகூட அன்று வாய் திறக்கவில்லை.

வேலை நிற்கும் நாட்களில்

காற்று நுழையும் வழி, சைலன்சர் வாய், தண்ணீர் வழிகள் ஆகியவற்றைச் சுத்தமான துணியால் அடைத்து, எல்லாத் துணிகளையும் ஒரே நூலில் கோத்து நூலின் முனையை வெளியே தொங்கவிடுங்கள். உள்ளே மறந்துபோன துணி புது எஞ்சினையும் கெடுக்கும். டீசல் லைன் முனைகளுக்குத் துணி ஆகாது. அவற்றுக்குப் பிளாஸ்டிக் மூடியே சரி. இயந்திரத்தில் சீவிய பளபளப்பான முகங்கள் அனைத்திலும் கிரீஸ் பூச வேண்டும். ஃபிளைவீல் முகத்தில் பூசியதை மட்டும் கிளட்ச் வைக்கும் நாளில் தின்னரால் முற்றிலும் துடைத்தெடுக்க வேண்டும்.

பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றுவது பாதுகாப்புப் போலத் தோன்றும். ஆனால் பகலில் சூடேறி இரவில் குளிரும்போது அதன் உட்புறம் வியர்த்து நீர் சொட்டும். முதலில் பருத்தித் துணி, மேலே தார்ப்பாய், அடியில் காற்றோட இடைவெளி என்பதே சரியான வரிசை. வாரம் ஒருமுறை கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, சென்ற வாரம் நின்ற இடத்தில் நில்லாதபடி நிறுத்துங்கள்.

புதிய எஞ்சினைப் பொருத்துதல்

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, மவுண்டிங் பிராக்கெட், எண்ணெய்ச் சம்பின் வடிவம், கியர் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங், எஞ்சினும் கியர் பாக்ஸும் இணையும் முகத்தில் இரண்டையும் நேராகப் பொருத்தும் டவல் ஊசிகள் ஆகியவற்றை அளந்து ஒப்பிடுங்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பின் எண்ணெய் சீல், வாட்டர் பம்பு, பெல்ட், ஓஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது சிக்கனம். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தப் பழைய கியர் ஷாஃப்ட் ஒன்று கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால் அதே அளவில் மரக்கட்டை கடைந்து வாங்கலாம்.

எஞ்சினை உள்ளே நகர்த்தும்போது கடைசி விரலளவு இடைவெளி மூடாமல் நிற்கும். பொறுமை போய், போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்துவிடலாம் என்று தோன்றும் இடம் அதுதான். அப்படி இழுத்தால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளையும், அல்லது கியர் பாக்ஸின் காது உடையும். கியரைப் போட்டு வைத்து, ஒருவர் கிராங்கை மெல்லச் சுற்ற, மற்றவர் எஞ்சினைத் தள்ள வேண்டும்; பற்கள் ஒன்றோடொன்று பொருந்தியதும் இடைவெளி கையால் தள்ளியே மூடும். அதற்குப் பிறகே போல்ட்டுகள், அவையும் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள இறுக்க அளவில்.

எஞ்சினுக்கும் சேஸுக்கும் இடையிலான எர்த் பட்டையைத் துருவும் பெயிண்டும் நீக்கிய இரும்பில் இணையுங்கள். அது விட்டுப்போனால் செல்ப் மோட்டாரின் மின்னோட்டம் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியே திரும்ப முயன்று அதை எரித்துவிடும்.

எங்கள் வண்டியில் இதுவரை முடிந்திருக்கிறது. ரேடியேட்டர் மட்டும் மதுரையில் கோர் மாற்றி வர வேண்டியுள்ளது. அது வந்தபின் அதில் கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றுவதாக இல்லை. கூலன்டுடன் பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான்.

முதல் ஸ்டார்ட்

இதைச் சித்தப்பா படகுகளில் செய்யும் முறைப்படி எழுதுகிறேன். எண்ணெய் அளவைப் பார்த்தபின், டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும் வரை செல்ப் மோட்டாரைச் சிறு சிறு இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். பிறகு ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி இல்லாத டீசல் வரும் வரை காற்றை வெளியேற்றுங்கள். அதன்பின் டீசல் பம்பின் திருகிலும் அவ்வாறே. ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் சுற்றலாம். அங்கே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தம் கொண்டது என்பதால் விரலை அருகில் கொண்டுபோகக் கூடாது.

காற்று நுழையும் வாயை முழுதாக மூடும் அளவில் ஒரு கனமான பலகையை ஒருவர் தயாராக வைத்திருக்க வேண்டும். டீசல் எஞ்சின் கட்டுமீறி வேகமெடுத்தால் சாவியால் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்க முயலக் கூடாது.

தொடக்கத்தில் வெண்புகை வருவது இயல்பு. எஞ்சின் சூடேறியபின்னும் நீலப்புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, எண்ணெயையும் தண்ணீரையும் மீண்டும் பார்த்து, கசிவுகளைத் தேடுங்கள். முதல் 500 கி.மீ. லோடு இல்லாமல் ஓட்டி, எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, மவுண்டிங் போல்ட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். அந்த ஓட்டம் முடிய எத்தனை வாரமானாலும், போக்குவரத்து அலுவலகத்துக்கான 14 நாட்கள் எஞ்சின் மாற்றிய நாளிலிருந்தே எண்ணப்படும். விண்ணப்பத்தை முதலில் கொடுத்துவிட்டு, புதிய எஞ்சின் எண் சான்றிதழில் ஏறிய பிறகே மீன் பெட்டிகளை ஏற்றுங்கள்.