தேர்வு இல்லாத பள்ளியா? இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்

சிங்கப்பூருக்கு மாற்றலாகி வருகிறீர்களா? இங்கே அரசுப் பள்ளியின் இடை வகுப்புகளில் சேர வெளிநாட்டுப் பிள்ளைகள் பொதுவாக ஏஇஐஎஸ் (AEIS) என்ற சேர்க்கைத் தேர்வு எழுத வேண்டும். அது வேண்டாம் என்றுதான் பலரும் நுழைவுத் தேர்வு வைக்காத தனியார் பன்னாட்டுப் பள்ளியைத் தேடுகிறார்கள். சரி, ஆனால் ‘யாரையும் சேர்த்துக்கொள்வோம்’ என்பது வேறு, சேர்த்த பிறகு பார்த்துக்கொள்வது வேறு. எங்கள் மகனுக்கு ஆங்கில உதவி வகுப்பு என்று முதல் பருவத்திலேயே தனி பில் வந்தது. கேட்டால், கட்டணத் தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதாம்! ஆகவே, பின்தங்கும் பிள்ளைக்கு என்ன உதவி, அதற்கு எவ்வளவு என்று எழுத்திலேயே வாங்குங்கள்.

பள்ளிக்கு எஜுடிரஸ்ட் சான்றிதழ், அதாவது தனியார் கல்வி நிலையங்களுக்கான அரசுத் தரச் சான்று, உண்டா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பணம் திரும்பக் கிடைக்கும் விதிகளைப் படியுங்கள். விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது.

தமிழ் இரண்டாம் மொழியாக உண்டா என்பதையும் விசாரியுங்கள்.

அப்புறம், பள்ளியை முடிவு செய்த பிறகே வீடு பாருங்கள். வடகிழக்கில் உள்ள பொங்கோலில் வீடு, தீவின் மறுகோடியில் பள்ளி என்றால், விடியுமுன்பே பிள்ளை தூக்கக் கண்ணோடு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பள்ளிப் பேருந்துக்கு நிற்கும்.