பி.எட். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் விசாரிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கை தொடங்கும் நாட்களில் மாணவர்கள் முதலில் விசாரிப்பது கட்டணத்தை. அடுத்து விடுதியையும் பேருந்தையும். இரண்டாம் ஆண்டில் வரும் 16 வாரப் பள்ளிப் பயிற்சி எந்தப் பள்ளிகளில், யாருடைய மேற்பார்வையில் நடக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பயிற்சி மாணவர்களின் வகுப்புகளைப் பல ஆண்டுகளாகக் கடைசி பெஞ்சில் அமர்ந்து பார்த்து வருபவன் என்ற முறையில், அந்தக் கேள்வியை வைத்தே கல்லூரியை எடைபோடுங்கள் என்று சொல்வேன்.

அதற்கு முன் எந்த வகுப்புகளுக்குக் கற்பிக்க விரும்புகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு பி.எட். பட்டம் தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டதால், தொடக்கப் பள்ளியில் பணியாற்ற விரும்புபவர் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில்தான் சேர வேண்டும். 6 முதல் 10 வரையிலான வகுப்புகளுக்குக் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு பி.எட். பட்டத்துடன் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளிலும் தேர்ச்சி பெற வேண்டும். மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் பணிக்கு உரிய பாடத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் தேவை. உங்கள் இளங்கலைப் பட்டத்தின் பெயர் பள்ளிப் பாடத்தின் பெயரிலிருந்து சற்றே மாறியிருந்தாலும், அதை அந்தப் பாடத்தின் பட்டத்துக்குச் சமமாக ஏற்கும் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே பார்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டுகள் படித்து, தேர்விலும் வென்று, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை யாருக்கும் வேண்டாம்.

பிளஸ் டூ முடித்தவுடனேயே ஆசிரியராவதென்று உறுதியாக இருப்பவர்களுக்கு இளங்கலைப் பட்டத்தையும் பி.எட். பட்டத்தையும் சேர்த்துத் தரும் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பு உண்டு. மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் போன்ற இடங்களில் இதற்கான சேர்க்கை தேசிய அளவிலான நுழைவுத் தேர்வின் வழியாக நடைபெறுகிறது.

அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது எளிது. கல்லூரிக்கு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும், 2008-இல் உருவான தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் போன்ற ஒரு பல்கலைக்கழகத்தின் இணைப்பும் இருக்க வேண்டும். குழுமம் அனுமதிப்பது 50 பேர் கொண்ட அலகுகளாக என்பதால், எத்தனை அலகுகளுக்கு அனுமதி உள்ளது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருகைப்பதிவு விஷயத்தில் உறுதியாக இருங்கள். குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் பாட வகுப்புகளுக்கு 80 சதவீதமும் பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் வருகையைக் கட்டாயமாக்கியுள்ளன. "வர வேண்டாம், தேர்வு எழுதினால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு முகவர் என் மாணவி ஒருத்தியின் தங்கையிடம் சலுகை போலச் சொன்னாராம். கட்டணத்தை வாங்கிக்கொண்டு பயிற்சியைப் பறித்துக்கொள்வதற்குச் சலுகை என்று பெயர் வைக்கும் கல்லூரியில் சேராதீர்கள்.

இனி அந்த 16 வாரங்களுக்கு வருவோம். கல்லூரிக்குச் செல்லும்போது மூத்த மாணவர் ஒருவரின் பாடக்குறிப்பு ஏட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பாருங்கள். பக்கத்திற்குப் பக்கம் சிவப்பு மையில் ஒரு சரிக்குறியும் கையெழுத்தும் மட்டும் இருந்தால், அந்த வகுப்பை யாரும் பார்க்கவில்லை என்று கொள்ளலாம். "மூன்றாம் வரிசையில் இருந்த பிள்ளைகளிடம் நீ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை" என்பது போன்ற குறிப்பு ஓரத்தில் எழுதப்பட்டிருந்தால், பேராசிரியர் ஒருவர் பள்ளிக்குப் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று பொருள்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணமான ஒரு வகுப்பைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் பயிற்சி மாணவி ஒருவர் பின்னங்களின் கூட்டலை நடத்தினார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, குரலும் தெளிவாக இருந்தது. "புரிஞ்சுதா?" என்று கேட்டதும் வகுப்பே "புரிஞ்சுது மிஸ்" என்றது. என் பக்கத்தில் இருந்த சிறுவனின் நோட்டில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தது. மேலே உள்ள எண்களையும் கீழே உள்ள எண்களையும் தனித்தனியாகக் கூட்டியிருந்தான். வகுப்பு முடிந்ததும் அந்த நோட்டை அவரிடம் காட்டி, இரண்டில் ஐந்து பங்கா, ஐந்தில் இரண்டு பங்கா என்றெல்லாம் விளக்காமல், அரையைவிட இந்த விடை பெரியதா சிறியதா என்று மட்டும் அவனிடம் கேட்கச் சொன்னேன். மறுநாள் ஒரு காகிதத்தை மடித்துக் காட்டி அவர் அதைக் கேட்டபோது, பையன் தானாகவே அழித்துவிட்டு மீண்டும் போட்டான். அவன் நோட்டை யாரும் எட்டிப் பார்த்திராவிட்டால், அந்த மாணவி தன் வகுப்பு நன்றாக நடந்ததென்றே நம்பியிருப்பார்.

ஆகவே கல்லூரியில் கேளுங்கள்: ஒரு பள்ளிக்கு எத்தனை பயிற்சி மாணவர்களை அனுப்புகிறீர்கள், பேராசிரியர் எத்தனை முறை வந்து பார்ப்பார், பார்த்த பிறகு உட்கார்ந்து பேசுவாரா? பதில் மழுப்பலாக வந்தால், பயிற்சிப் பள்ளியின் பெயரைக் கேட்டுக்கொண்டு அங்கேயே சென்று தலைமை ஆசிரியரிடம் விசாரிப்பது நல்லது.

பின்னாளில் தலைமை ஆசிரியராக விரும்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் அரசுப் பள்ளிகளில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் பதவி உயர்வில் வருகிறது. அதற்கென்று தனிப் பட்டம் கேட்கப்படுவதில்லை. எம்.எட். படித்தால் தலைமைப் பண்பு தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அது பெரும்பாலும் கல்வியியல் கல்லூரியில் கற்பிப்பதற்கே வழி திறக்கிறது. பள்ளித் தலைமைக்கான பயிற்சியைத் தேடுபவர்கள், புதுதில்லியிலுள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனத்தின் பள்ளித் தலைமை மையம் நடத்தும் படிப்புகளைப் பார்க்கலாம். அதுவரை, பயிற்சிப் பள்ளியில் இருக்கும் 16 வாரங்களில் ஒரு முறையாவது அனுமதி பெற்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அமர்ந்திருங்கள். ஓர் ஆசிரியர் விடுப்பில் இருக்கும் நாளில் காலை ஒன்பது மணிக்குள் தலைமை ஆசிரியர் பாடவேளை அட்டவணையை எப்படி மாற்றி எழுதுகிறார் என்பதை அருகில் நின்று கவனியுங்கள்.