தூசி தட்டியதும் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? கை பட்ட இடத்திலிருந்து தேடுங்கள்

நேற்று வரை ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர், கேபினட்டைத் திறந்து தூசி தட்டி மூடியதும் ஆன் ஆகாமல் கிடந்தால் உடனே மனசு "மதர்போர்டு போச்சு" என்று முடிவு கட்டிவிடும். பெரும்பாலும் போயிருக்காது. துடைக்கும்போது கை இடித்து ஏதோ ஒன்று அரைகுறையாகக் கழன்றிருக்கும், அவ்வளவுதான். அதனால் புது பாகம் எதுவும் ஆர்டர் போடாதீர்கள். பிரஷ் எங்கெல்லாம் போனது, எதையெல்லாம் பிடுங்கி மாட்டினோம் என்று ஒருமுறை யோசித்துவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

உள்ளே கை வைப்பதற்கு முன் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். அப்புறம் கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொண்டால் உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக்கும் (நிலை மின்சாரம்) போய்விடும். ஈரத் துணியோ ஏதாவது திரவமோ பயன்படுத்தியிருந்தால் இப்போதைக்கு ஆன் செய்யவே வேண்டாம், ஒரு நாள் முழுக்கத் திறந்தபடி காயவிட்டுவிட்டு வாருங்கள்.

பட்டனை அழுத்தினால் ஃபேன் கூட அசையவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் முதலில் பின்பக்கம் போய் எஸ்எம்பிஎஸ்ஸின் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) சுவிட்சைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். கோடும் வட்டமும் போட்ட அந்தக் குட்டி சுவிட்ச் வட்டத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் ஆஃப் என்று அர்த்தம். சுத்தம் செய்யும் முன் அதை அணைத்தவன் நானேதான், ஆனால் அதை மறந்துவிட்டு முக்கால் மணி நேரம் ராமை (மெமரி அட்டையை) கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அது சரியாக இருந்தால் மதர்போர்டின் வலது ஓரத்தில் இருக்கும் 24 பின் (ஊசி) கனெக்டர், அப்புறம் பிராசஸருக்குப் பக்கத்தில் மேல் மூலையில் இருக்கும் 8 பின் (சில போர்டுகளில் 4 பின்) கனெக்டர், இரண்டையும் கொக்கி மாட்டும் சத்தம் வரும்வரை அழுத்துங்கள். அந்த மேல் மூலையில் கை நுழைவதே கஷ்டம், அதனால் பலர் அதைத் தொடுவதே இல்லை.

பவர் பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயர்களும் பிரஷ் பட்டாலே கழன்றுவிடும் ரகம். போர்டின் கீழ் ஓரத்தில் பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களில் அதை மாட்டுங்கள், சுவிட்சுக்குத் திசை கிடையாது, எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். எல்.இ.டி. ஒயர்களுக்குத்தான் பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டும். பட்டன் மீதே சந்தேகம் இருந்தால் மின்சாரம் கொடுத்துவிட்டு ஸ்க்ரூடிரைவர் நுனியால் அந்த இரண்டு பின்களை மட்டும் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள், ஆன் ஆனால் கோளாறு பட்டனிலோ அதன் ஒயரிலோதான். ஆன் ஆகி ஒரு நொடியில் அணைகிறதா? அந்த 8 பின் கனெக்டரை மறுபடி பாருங்கள், கூடவே போர்டுக்கு அடியில் திருகாணி ஏதாவது விழுந்து ஷார்ட் ஆகிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டாம், கேபிளைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கிப்போடும் அளவுக்குச் சார்ஜ் இருக்கலாம்.

ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் வேறு கதை. தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறவர்கள் மானிட்டர் கேபிளைத் தெரியாமல் மதர்போர்டில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள், அது கார்டில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் என் முதல் சந்தேகம் எப்போதும் ராம் மீதுதான். பார்க்க ஒழுங்காக உட்கார்ந்த மாதிரியே இருக்கும், ஒரு முனை கிளிப்பில் மாட்டியிருக்கும், மறுமுனை நூலளவு தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் ஸ்லாட்டுக்கு மேலே தங்க நிறக் கோடு ஒன்று மெல்லிசாகத் தெரியும், அதுதான் திருடன். முழுதாகக் கழற்றி, தங்கப் பட்டையை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதாமல் (எச்சில் தெறிக்கும்) உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் "டக்" என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். போர்டு வளைகிறதே என்று பயமாகத்தான் இருக்கும், இருந்தாலும் அரை அழுத்தலில் விட்டுவிடாதீர்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. கிராபிக்ஸ் கார்டுக்கும் இதே வைத்தியம்தான், அதற்குத் தனி பவர் கேபிள் இருந்தால் அதையும் சேர்த்து.

போர்டில் சிபியூ (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் இருந்தால் உங்களுக்கு வேலை மிச்சம், எது அணையாமல் நிற்கிறதோ சிக்கல் அந்த இடத்தில்தான். பீப் சத்தம் வந்தால் எண்ணிக்கொள்ளுங்கள், அர்த்தம் பயாஸுக்குப் பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) மாறும் என்பதால் உங்கள் போர்டின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். பிராசஸர் மேல் இருக்கும் கூலரைக் கழற்றியவர்கள் மட்டும் இன்னொன்றையும் கவனியுங்கள்: சில பிராசஸர்கள் நடுவில் தடவியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு கூலரோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும், அப்போது பிராசஸரின் ஊசி (பின்) வளைந்திருக்கலாம்.

எதற்கும் மசியவில்லையா, கேபிளைப் பிடுங்கிவிட்டு போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்து வைத்துவிட்டு மாட்டுங்கள். பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். டிடிஆர்5 ராம் என்றால் அதன் பிறகு முதல் தடவை திரை வர சில நிமிடங்கள் கூட ஆகலாம், பொறுக்காமல் நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

திரை வந்துவிட்டது, ஆனால் பூட் டிவைஸ் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) இல்லை என்கிறதா? பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளை இரண்டு முனையிலும் அழுத்திவிட்டு, பயாஸுக்குள் போய் டிஸ்க் தெரிகிறதா, பூட் வரிசையில் அது முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியைக் கழற்றியிருந்தால் அந்த வரிசை மாறியிருக்கலாம். சிபியூ ஃபேன் எரர் என்று வந்தால் அந்த ஃபேனின் ஒயரைப் பக்கத்து பின்களில் மாட்டியிருப்பீர்கள், போர்டில் சிபியூ ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்துக்கு மாற்றினால் போதும்.