வீட்டில் மீனும் காய்கறியும்: அக்வாபோனிக்ஸ் அமைப்பைத் தொடங்கி நடத்தும் முறை

மீன் வளர்ப்பையும் மண்ணில்லாப் பயிர் வளர்ப்பையும் ஒரே தண்ணீரில் இணைக்கும் முறைக்கு அக்வாபோனிக்ஸ் என்று பெயர். மீனின் கழிவு செடிக்கு உரமாகிறது என்ற ஒற்றை வரியோடு இதன் விளக்கம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த வரியை மட்டும் நம்பி, தொட்டியில் மீனையும் படுகையில் நாற்றையும் ஒரே நாளில் இறக்கினால் மீன்கள் சில வாரங்களுக்குள் செத்து மிதக்கக்கூடும். மீன் தன் செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியா தண்ணீரில் தேங்கினால் அது மீனுக்கே நஞ்சு. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் தடுக்கக்கூடியதே. இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் மீன் தாங்கிக்கொள்ளக்கூடியதும் செடி விரும்பி உறிஞ்சக்கூடியதுமான சத்து கிடைக்கிறது. ஆகவே வீட்டில் இதைத் தொடங்குபவர் முதலில் வளர்க்க வேண்டியது பாக்டீரியாவைத்தான். மீனும் செடியும் அதற்குப் பிறகு.

அளவைத் தீவனத்திலிருந்து கணக்கிடுதல்

எத்தனை லிட்டர் தொட்டி, எத்தனை மீன் என்று யோசிப்பதற்கு முன், ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீவனம் தண்ணீருக்குள் போகப்போகிறது என்று யோசிப்பது நல்லது. செடிக்குக் கிடைக்கும் சத்தில் பெரும்பகுதி அந்தத் தீவனத்தின் வழியாகத்தான் அமைப்புக்குள் நுழைகிறது. ஒரு சதுர மீட்டர் கீரைப் படுகைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனமும், தக்காளி, மிளகாய் போன்ற காய்க்கும் பயிர்களுக்கு 50 முதல் 80 கிராமும் தேவை என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சிறு அளவு அமைப்புகளுக்குத் தரும் வழிகாட்டல். ஓரளவு வளர்ந்த மீன் தன் உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் தீவனம் தின்னும். அப்படியானால் ஒரு சதுர மீட்டர் கீரைக்கு ஏறக்குறைய 3 கிலோ மீன் போதும். அரைக் கிலோ எடைக்கு வளரும் மீன் என்றால் ஆறு.

ஆறு மீனா என்று பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். அந்த ஏமாற்றத்தில்தான் கூடுதல் குஞ்சுகளை வாங்கி விடுகிறார்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு மீனின் மொத்த எடை 20 கிலோவுக்கு மேல் போகாமல் இருப்பது வீட்டு அமைப்புக்குப் பாதுகாப்பு. தொடக்கத்தில் அதில் பாதியே நல்லது. கணக்குப்படி 3 கிலோ மீனுக்கு 150 லிட்டர் தொட்டியே போதும் என்றாலும், 500 லிட்டருக்குக் குறையாத தொட்டியை வைக்குமாறு சொல்வேன். தண்ணீர் கூடுதலாக இருந்தால் வெப்பமும் அம்மோனியாவும் மெதுவாகவே ஏறும். தவறைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். மேலும், செடி வளரும் சரளைக்கல் படுகைக்குப் பம்ப் தண்ணீரை ஏற்றும்; 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு சதுர மீட்டர் படுகை நிரம்பும்போது ஏறத்தாழ 100 லிட்டர் தண்ணீரைத் தொட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும். சிறிய தொட்டியானால் அந்நேரத்தில் மீன் தரைதட்டிக் கிடக்க நேரும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 50 கிராம் எடையுள்ள ஆறு குஞ்சுகள், எடையில் 5 சதவீதம் தின்றாலும் நாளுக்கு 15 கிராமைத் தாண்டாது. எனவே முதல் சில மாதங்களுக்குப் படுகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நடக்கூடாது. மீன் வளர வளர நடவையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

தொட்டியும் படுகையும்

முதல் அமைப்புக்குச் சரளைப் படுகையே உகந்தது. மிதவைப் பலகையில் நடுவதும், குழாய்களிலும் கோபுரங்களிலும் அடுக்கி வளர்ப்பதும் படத்தில் அழகாகத் தெரியும். ஆனால் அவற்றுக்குக் கழிவைத் தனியே பிரித்தெடுக்கும் வடிகட்டியும் பாக்டீரியாவுக்கென்று தனி இடமும் வேண்டும். சரளைப் படுகை கழிவைப் பிடித்துக்கொள்கிறது, பாக்டீரியாவுக்கு வீடாகிறது, செடியையும் தாங்குகிறது. ஒரே கொள்கலத்தில் மூன்று வேலையும் முடிகிறது.

தொட்டி உணவுத் தரமான பிளாஸ்டிக்காலோ ஃபைபர் கண்ணாடியாலோ ஆனதாகவும், ஒளி ஊடுருவாததாகவும் இருக்க வேண்டும்; ஒளி புகுந்தால் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகிவிடும். செம்பும் துத்தநாகமும் மீனுக்கு ஆகாது. ஆதலால் செம்பு இணைப்புகளையும் துத்தநாகப் பூச்சுள்ள பாத்திரங்களையும் தவிர்த்துவிடுங்கள். மேலே வலை போட்டு மூட மறக்கக்கூடாது, மீன் துள்ளி வெளியே விழும். மொட்டை மாடியில் வைப்பதாக இருந்தால், 500 லிட்டர் தண்ணீர் அரை டன் எடை, நனைந்த சரளை அதற்குச் சற்றும் குறையாத எடை என்பதை நினைவில் கொண்டு, கட்டடத்தின் தாங்குதிறனைப் பொறியாளரிடம் உறுதிசெய்த பிறகே இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

சரளைக்கல் 8 முதல் 20 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். வாங்குவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவி, ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு மேலே வினிகர் ஊற்றிப் பாருங்கள். கல்லின் மேல் நுரை பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அது தண்ணீரின் பிஎச் அளவை, அதாவது அமில-காரத் தன்மையின் அளவை, மாதக்கணக்கில் உயர்த்திக்கொண்டே இருக்கும், செடிகளால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போகும். நுரைக்காத கருங்கல் சரளையோ எரிமலைக் கல்லோ சுட்ட களிமண் உருண்டையோ நல்லது. எதுவானாலும் கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவுங்கள்.

படுகையைத் தொட்டிக்கு மேலே அமைத்து, தொட்டியில் உள்ள பம்ப் தண்ணீரை மேலேற்ற, அது தானாகவே கீழே வழிந்து திரும்புமாறு செய்வதுதான் மிக எளிய ஏற்பாடு. தொட்டியின் தண்ணீர் முழுவதும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை படுகை வழியாகச் சுற்றி வரும் அளவுக்குப் பம்ப் இருந்தால் போதும். பம்ப் உறையில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு, உயரத்துக்கு ஏற்றும்போது கணிசமாகக் குறையும் என்பதைக் கவனியுங்கள். படுகை நிரம்பி வடிந்து மீண்டும் நிரம்ப வேண்டும். அப்போதுதான் வேருக்கும் பாக்டீரியாவுக்கும் காற்று கிடைக்கும்.

படுகை நிரம்பியதும் தானாக வடிக்கும் குழாய் அமைப்பான மணி சைஃபன் மூலம் இதைச் செய்யலாம். படுகையின் அடியில் ஒரு நேர்குழாய், அதன்மேல் தலைகீழாகக் கவிழ்த்த அகலமான மூடியுள்ள குழாய், கற்கள் நுழையாமலிருக்க அதைச் சுற்றித் துளையிட்ட மூன்றாவது குழாய் ஆகியவையே அதன் பாகங்கள். தண்ணீர் நேர்குழாயின் விளிம்பைத் தாண்டியதும் உள்ளே இழுவிசை உண்டாகிப் படுகை முழுவதும் வேகமாக வடியும்; மூடியின் அடிப்பகுதியில் உள்ள வெட்டுவழியே காற்று நுழைந்ததும் இழுவை அறுந்துவிடும். வரத்து குறைவாக இருந்தால் சைஃபன் தொடங்காமல் விளிம்பில் ஒழுகிக்கொண்டே இருக்கும். வரத்து அதிகமானால் தொடங்கியது நிற்காது. பம்புக்கு அடுத்து ஒரு வால்வு வைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்ப்பதுதான் இதற்கு மருந்து. அந்தப் பொறுமை இல்லாதவர்கள் பம்பை 15 நிமிடம் ஓடவிட்டு 45 நிமிடம் நிறுத்தும் டைமரைப் பொருத்தி, பம்ப் நின்றதும் தண்ணீர் வடிய நேர்குழாயின் அடியில் சிறு துளை இட்டுக்கொள்ளலாம். நேர்குழாயின் உயரம், கல்லின் மேல்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். மேற்பரப்பு உலர்ந்திருந்தால் பாசியும் செடித்தண்டின் அழுகலும் வராது.

பம்போடு தனியாகக் காற்று பம்பும் வேண்டும்; தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. மின்சாரம் நின்றாலும் ஓடக்கூடிய மின்கலக் காற்று பம்ப் ஒன்றை முதல் நாளிலிருந்தே வைத்திருங்கள். மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் பற்றவில்லை என்று பொருள்.

மீன் இல்லாத வாரங்கள்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், ஓரிரு நாள் காற்றூட்டி வைத்தால் அது பறந்துவிடும். குளோரமின் கலந்த தண்ணீர் அப்படிப் பறக்காது; செயலூட்டிய கரி வடிகட்டியோ வைட்டமின் சியோ அதற்குத் தேவைப்படும். உங்கள் தண்ணீரில் எது கலக்கப்படுகிறது என்பதை வழங்குநரிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதன்பின், மீனுக்குப் பதிலாகப் பாக்டீரியாவுக்கு உணவு தர, வாசனையோ சோப்போ கலவாத தூய அம்மோனியாவை, தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும் அளவுக்குச் சேர்த்து, பம்பை ஓடவிட வேண்டும். நோயில்லாத பழைய மீன் தொட்டி ஒன்றின் வடிகட்டிப் பஞ்சோ கல்லோ கிடைத்தால் படுகையில் புதைத்து வையுங்கள், பாக்டீரியா விரைவில் பரவும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் ஆகியவற்றைச் சோதனைப் பெட்டியால் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பின்னர் நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் தலைகாட்டும். சேர்த்த 2 மில்லிகிராம் அம்மோனியா, நைட்ரைட்டையும் மிச்சம் வைக்காமல் 24 மணி நேரத்துக்குள் மறைந்தால் அமைப்பு தயார். வெதுவெதுப்பான தண்ணீரில் இதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். குளிரில் இன்னும் நீளும். இடையில் தண்ணீர் தெளிவாகத் தெரிவதைப் பார்த்து மீனை விட்டுவிடாதீர்கள். அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமில்லை.

மீனும் பயிரும் தேர்ந்தெடுத்தல்

தண்ணீரின் வெப்பத்துக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுங்கள். மீனுக்காகத் தண்ணீரைச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. திலேப்பியா 27 முதல் 30 டிகிரி செல்சியஸில் செழிக்கும், 20 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி மந்தப்படும். கெண்டை வகைகள் அதைவிடக் குளிரைத் தாங்கும். உண்பதற்கு மீன் வேண்டாம் என்பவர்கள் தங்கமீனையோ கோய் மீனையோ வளர்க்கலாம், செடிகளுக்கு அதில் எந்தக் குறையும் வராது. சில நாடுகளில் திலேப்பியாவுக்கு அனுமதி தேவை. விதியைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

பயிரில் முதல் சுற்று லெட்டூஸ், கீரை, புதினா, துளசி ஆகியவற்றோடு நிற்கட்டும். காய்க்கும் செடிகள் மூன்று நான்கு மாதம் பொறுத்து வரலாம். மண்ணில் வளர்ந்த நாற்றானால் வேரில் உள்ள மண்ணை மெதுவாக அலசிவிட்டு நடுங்கள். கிழங்கு வகைகளை இதில் வளர்க்க முயல்வது வீண் என்பது என் கருத்து.

அன்றாட நிர்வாகம்

தீவனத்தை இரண்டு வேளையாகப் பிரித்துப் போட்டு, அரை மணி நேரத்தில் தின்று தீர்க்காத மிச்சத்தை அள்ளிவிட வேண்டும். மிதக்கும் குருணைத் தீவனம் வாங்கினால் மிச்சம் கண்ணுக்குத் தெரியும். மீன் திடீரென்று தின்ன மறுத்தால் அன்றே தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தொட்டால் தீவனத்தை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரைக் குளோரின் நீங்கிய தண்ணீரால் மாற்றி, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். ஆவியாதலாலும் செடி உறிஞ்சுவதாலும் நாளுக்கு 1 முதல் 3 சதவீதம் குறையும் தண்ணீரை அவ்வப்போது ஈடுசெய்துகொண்டிருக்க வேண்டும்.

பிஎச் அளவு 6.8 முதல் 7 வரை இருப்பதுதான் மீன், பாக்டீரியா, செடி மூன்றுக்கும் பொதுவான சமரசம். பாக்டீரியாவின் வேலையே அமிலத்தை உண்டாக்குவதால் முதிர்ந்த அமைப்பில் பிஎச் தானாக இறங்கிக்கொண்டே வரும். 6க்குக் கீழே போனால் பாக்டீரியா ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். இறங்கும்போது கால்சியம் கார்பனேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் மாற்றி மாற்றி, சிறு சிறு அளவாகத் தண்ணீரில் கலக்கிச் சேர்த்தால், தீவனத்தில் போதிய அளவு இல்லாத அந்த இரு சத்துகளும் செடிக்குக் கிடைத்துவிடும். சமையல் சோடாவை வழக்கமாக்கக்கூடாது. சோடியம் தேங்கிச் செடியைக் கெடுக்கும்.

தீவனத்தில் குறைவாக உள்ள மூன்றாவது சத்து இரும்பு. புதிதாக வரும் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதன் குறைபாடுதான். கொடுக்கிணைப்பு இரும்பை, அதாவது தண்ணீரில் படியாமல் கரைந்தே இருக்கும்படி வேறொரு பொருளோடு பிணைத்த டிடிபிஏ அல்லது இடிடிஎச்ஏ வகை இரும்பை, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் சேர்த்தால் சரியாகும். பழைய இலைகளின் ஓரம் கருகினால் பொட்டாசியத்தையும், தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் கால்சியத்தையும் கவனியுங்கள்.

பூச்சிக்கு மருந்தடிக்கும் பேச்சே கூடாது. செடிக்குத் தெளிக்கும் எதுவும் மீன் தொட்டிக்குத்தான் போகும். சாமந்திச் செடி சார்ந்த இயற்கை மருந்தான பைரெத்திரமும் மீனைக் கொல்லும். புழுவுக்குப் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து பாதுகாப்பானது. அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சி உதிர்க்கலாம், மிஞ்சியதைக் கையால் நசுக்கலாம். தொட்டித் தண்ணீர் இலைகளின் மேல் படாமல் பாருங்கள். எலி, பூனை, பறவை எச்சம் படுகையில் விழாமல் தடுத்து, கீரையைக் கழுவிய பிறகே பச்சையாக உண்ணுங்கள்.

மீன் அறுவடையின்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடித்துவிட்டால் செடிகள் பட்டினி கிடக்கும். பெரியதாக ஒன்றிரண்டைப் பிடித்து, அவற்றின் இடத்துக்குக் குஞ்சுகளை விட்டுக்கொண்டே வாருங்கள். குஞ்சுகளைப் பெரிய மீன்கள் விழுங்காத அளவுக்கு வளரும்வரை வலைக்கூண்டில் தனியாக வைத்திருங்கள். உண்ணப் பிடிக்கும் மீனைத் தனித் தண்ணீரில் ஓரிரு நாள் தீவனமின்றி வைத்தால் குடல் காலியாகி, மண்வாசனையும் குறையும்.